மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு

காரின் டேஷ்போர்டில் பெட்ரோல் பங்க் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் டேங்க் காலி என்று பொருளல்ல. பெரும்பாலான கார்களில் டேங்கின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரை மீதமிருக்கும்போதே அந்த விளக்கு எரியும்படி அமைக்கிறார்கள். இந்தக் கணக்குப்படி 27 லிட்டர் டேங்க் உள்ள ஆல்டோ கே10 காரில் மூன்று லிட்டர் சொச்சம் இருக்கும். 37 லிட்டர் ஸ்விஃப்டில் ஐந்து லிட்டரை ஒட்டியும், 50 லிட்டர் கிரெட்டாவில் ஆறேழு லிட்டரும் இருக்கலாம். ஊருக்குள் ஒரு பங்கைத் தேடிப்போக இது தாராளம். மலைப்பாதையிலோ, நள்ளிரவு நான்குவழிச் சாலையிலோ, காட்டு வழியிலோ இதே அளவு போதாமல் போகும்.

எரிபொருள் தீர்ந்து வண்டி நிற்பது தொல்லைதான். ஆனால் அது எங்கே நிற்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 2022-ஆம் ஆண்டு நாட்டில் நடந்த விபத்துகள் 4,61,312. இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. விபத்து வகைகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பின்னாலிருந்து வந்து மோதுபவை. வேகமாக வண்டிகள் போகும் சாலையில், இருட்டில், ஓரம் ஒதுங்க முடியாமல் நின்றுவிட்ட ஒரு கார் இப்படிப்பட்ட மோதலை வரவழைத்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே விளக்கு எரிந்த பிறகு ஓட்டுநரின் முதல் வேலை, வண்டி நிற்கப்போகும் இடத்தைத் தானே தேர்ந்தெடுப்பது. எத்தனை கிலோமீட்டர் ஓட்டிவிடலாம் என்ற சாமர்த்தியக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

ரிசர்வ் என்ற நினைப்பு

விளக்கு எரிந்ததும் ‘வண்டி ரிசர்வ் விழுந்துடுச்சு’ என்பார்கள். இந்தப் பேச்சு பைக்கிலிருந்து வந்தது. பழைய பைக்குகளில் டேங்குக்கு அடியில் இடப்பக்கம் ஒரு திருகு இருக்கும்; ஆன், ஆஃப், ரிசர்வ் என மூன்று நிலைகள் அதற்கு. டேங்குக்குள் அந்தத் திருகிலிருந்து ஒரு குழாய் கொஞ்சம் உயரமாக நிற்கும். இன்னொரு துளை அடியிலேயே இருக்கும். ‘ஆன்’ நிலையில் உயரமான குழாய் வழியாகத்தான் பெட்ரோல் இறங்கும். மட்டம் அதற்குக் கீழே போனதும் இன்ஜின் திணறும். ஓட்டிக்கொண்டே இடக்கையைக் கீழே விட்டுத் திருகை ரிசர்வுக்குத் திருப்பினால் அடித்துளை திறக்கும், வண்டி மறுபடியும் இழுக்கும். அதில் ஓர் உறுதி இருந்தது: திணறிய கணத்தில் எவ்வளவு மிச்சம் என்பது குழாயின் உயரத்தால் முடிவாகிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகள் வந்து, பைக்குகளும் எரிபொருள் ஊசிமுறைக்கு மாறியபின் இந்தத் திருகு அநேகமாக மறைந்துவிட்டது.

காரில் அப்படி ஒரு தனி ரிசர்வ் கிடையாது. டேங்குக்குள் மிதக்கும் ஒரு மிதவை, அதோடு இணைந்த ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் ஒரு மின்தடைப் பட்டை. மட்டம் இறங்க இறங்க மிதவை இறங்கும், மின்தடை மாறும், முள் சாயும். மிதவை ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்கு வந்ததும் விளக்கு எரியும். டேங்க் நேரான பெட்டி வடிவில் இருப்பதில்லை. பின்சீட்டுக்கு அடியில், அச்சுக்கும் சைலன்சர் குழாய்க்கும் இடம் விட்டு, மேடும் பள்ளமுமாக வளைத்துச் செய்த பாத்திரம் அது. அதனால்தான் பல கார்களில் முதல் பாதி மெதுவாக இறங்குவதுபோலவும் கடைசிப் பாதி மளமளவென்று தீர்வதுபோலவும் தெரிகிறது.

வண்டி சரிவில் நின்றாலோ, வளைவில் திரும்பினாலோ உள்ளே எரிபொருள் ஒரு பக்கமாக ஒதுங்கும். முள் ஆடாமல் இருப்பதற்காக அளவீட்டைத் தாமதப்படுத்திக் காட்டும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் காட்டும் அளவு எப்போதும் சற்றுப் பழைய செய்தியாகவே இருக்கும். மேட்டில் ஏறும்போது எரிந்த விளக்கு சமதளத்தில் அணைந்துவிட்டால் ‘தப்பாக எரிந்தது’ என்று நினைப்பது பெருந்தவறு. ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

திரை சொல்லும் கிலோமீட்டர்

புதிய கார்களில் ‘இன்னும் இத்தனை கி.மீ. போகலாம்’ என்று திரை சொல்கிறது. டேங்கில் இருப்பதாகத் தெரியும் லிட்டரை அண்மையில் வண்டி கொடுத்த மைலேஜால் பெருக்கிக் கிடைக்கும் எண் அது. முன்னால் வரப்போகும் சாலை பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பொள்ளாச்சி வரை சமவெளியில் ஓடிவந்த காரில் 80 கி.மீ. என்று திரை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வால்பாறை ஏறத்தாழ 65 கி.மீ. தூரம்தான். கணக்குச் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். முதல், இரண்டாம் கியரில் வண்டி முக்கி முனகி ஏற வேண்டும். சமவெளியில் லிட்டருக்கு 16 கி.மீ. கொடுக்கும் கார் அந்த ஏற்றத்தில் அதில் பாதியைக் கொடுத்தாலே பெரிது. ஏறத் தொடங்கிய சற்று நேரத்தில் திரையின் எண் 80-லிருந்து கிடுகிடுவென இறங்கும். அப்போது திரும்பவும் இடமிருக்காது. 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதைக்கும், மசினகுடியிலிருந்து 36 வளைவுகளோடு ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதைக்கும் இதே கதைதான். மலை அடிவாரத்தில் டேங்க் பாதிக்கு மேல் இல்லாமல் ஏறத் தொடங்கக் கூடாது.

பழைய கணக்கை நம்புகிறவர்களுக்கு இப்போது இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2025-இல் நாடெங்கும் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலவையில் அது ஐந்தில் ஒரு பங்குதான் என்றாலும் மைலேஜ் சில சதவீதம் இறங்கத்தான் செய்யும். ‘விளக்கு எரிந்தபின் அறுபது கிலோமீட்டர் போயிருக்கிறேன்’ என்று ஐந்தாண்டு முன்பு ஒருவர் சொன்னது இன்றைக்கு அதே காருக்குப் பொருந்த வேண்டியதில்லை.

நடைமுறைக்கு ஒரு எளிய அளவுகோல் போதும்: திரை காட்டும் தூரத்தில் பாதியை மட்டும் உண்மை என்று எடுத்துக்கொள்வது, திரையே இல்லாத வண்டியில், விளக்கு எரிந்த 30 கி.மீ.க்குள் பங்கில் நிற்பது. பல கார்களில் டேங்க் வற்றுவதற்கு முன்பே திரை எண்ணைக் காட்டுவதை நிறுத்திவிட்டு வெறும் கோடுகளைக் காட்டும். அந்தக் கோடுகள் வந்தபின் கணக்குப் போட ஒன்றும் மிச்சமில்லை.

பங்கை முடிவு செய்வது

விளக்கு எரிந்ததும் செய்யத்தக்க நல்ல காரியம், பாதுகாப்பான ஓர் இடத்தில் ஓரங்கட்டி இரண்டு நிமிடம் யோசிப்பது. ஓட்டிக்கொண்டே செல்போனில் பங்க் தேடுவது, எரிபொருள் தீர்வதைவிடப் பெரிய ஆபத்து. கூட வருகிறவர் இருந்தால் அவர் தேடட்டும்.

தேடும்போது தூரம் மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். நடுவில் தடுப்புச்சுவர் உள்ள நான்குவழிச் சாலையில் வலப்பக்கம் 500 மீட்டரில் தெரியும் பங்கால் பயனில்லை. திரும்பும் இடைவெளி பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். அவசரத்தில் எதிர்த்திசையில் வண்டியை விட்டுப் பங்குக்குள் நுழைகிறவர்களை நெடுஞ்சாலையில் நாள்தோறும் பார்க்கலாம். ஐந்து லிட்டர் பெட்ரோலுக்காக எடுக்கக்கூடிய ஆபத்து அல்ல அது. இடப்பக்கத்தில், போகும் திசையிலேயே இருக்கும் பங்கு பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதுவே மேல். இரவில் பல ஊர்களில் பங்குகள் விளக்கணைத்துவிடும். ‘ஸ்டாக் இல்லை’ பலகையும் புதிதல்ல. வரைபடத்தில் தொலைபேசி எண் இருந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. கண்ணுக்கு முன் ஒரு பங்கு இருக்கும்போது, தனக்குப் பழக்கமான கம்பெனி பங்கு அடுத்த ஊரில் இருக்கிறது என்று அதைத் தாண்டிப் போவதும் இந்த நேரத்தில் வேண்டாம். சரியான பங்கு எதுவென்றால் முதலில் வருகிற பங்குதான்.

முன்னால் இருக்கும் வழியில் ஊரே இல்லை என்றால், வந்த வழியே திரும்புவதே அறிவு. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போவது ஏறத்தாழ 20 கி.மீ.; இருபுறமும் கடல். போகும் தூரத்தை மட்டும் எண்ணுகிறவர்கள் அதே அளவு திரும்பி வரவும் வேண்டும் என்பதைச் சில நேரம் மறந்துவிடுகிறார்கள்.

முள் பக்கத்தில் இருக்கும் பங்க் படத்தை உற்றுப் பார்த்தால் பெரும்பாலான கார்களில் சின்ன முக்கோண அம்பு ஒன்று தெரியும். டேங்க் மூடி எந்தப் பக்கம் என்பதை அது காட்டுகிறது. வாடகைக் காரிலோ நண்பரின் காரிலோ போகும்போது உதவும்.

மிச்சம் இருப்பதை நீட்டுவது

வேகம்தான் முதல் செலவு. காற்றின் தடை வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. 80-இல் போகும் காரை 100-க்குக் கொண்டுபோனால் வேகம் கால் பங்கு கூடுகிறது. காற்றுத் தடையோ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. பங்க் மூடிவிடுமோ என்ற பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது, பங்க் வரை போய்ச் சேர முடியாமல் செய்யும் வேலை. சிக்கனத்துக்கு உகந்த வேகம் 45 முதல் 55 கி.மீ. என்று பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. ஊர்ச்சாலைக்கு அது சரி. நான்குவழிச் சாலையில் அந்த வேகத்தில் ஊர்ந்தால் பின்னால் வரும் லாரியும் பஸ்ஸும் எரிச்சலில் நெருக்கி வரும். அங்கே இடது ஓரத் தடத்தில், டாப் கியரில், 60 முதல் 70-க்குள் சீராகப் போவதே பொருத்தம். காற்றுத் தடை குறையும் என்று லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும் பழக்கம் சிலருக்கு உண்டு. பலன் கிடைக்கும் அளவுக்கு நெருங்கினால், லாரி பிரேக் பிடிக்கும்போது நிறுத்த இடமிருக்காது.

பிரேக் பிடித்த ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே எரித்த பெட்ரோல் வெறும் சூடாகிப் போகிறது. சிக்னலும் வேகத்தடையும் தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக மெதுவாக விடுவது, நின்றபின் அவசரமில்லாமல் கிளம்புவது — இந்த இரண்டிலும் கணிசமாக மிச்சமாகும். ரயில்வே கேட்டிலும் நீண்ட சிக்னலிலும் இன்ஜினை அணைக்கலாம். சிறிய கார் சும்மா நின்று உறுமினாலே மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும்.

ஏ.சி.யை அணைக்கச் சொல்வது எல்லோரும் தரும் யோசனை. ஊருக்குள், மெதுவான வேகத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் மிச்சமாகும் என்பது உண்மை. நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த கண்ணாடிகளே காற்றுத் தடையைக் கூட்டுவதால் லாபம் சுருங்கிவிடும். கண்ணாடியை மூடியே வைத்து ஏ.சி.யைக் குறைத்துக்கொள்ளலாம். மழையில் முன்கண்ணாடியில் ஆவி படியும்போது அதை நீக்குவது ஏ.சி.தான். அந்த நேரத்தில் அதை அணைத்துவிட்டு, துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவது பார்வையை விற்றுப் பெட்ரோல் வாங்குவது. கத்திரி வெயிலில் கைக்குழந்தையோ முதியவரோ உள்ளே இருந்தாலும் ஏ.சி. ஓடட்டும்.

நியூட்ரல் என்ற விபரீதம்

இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு, சிலர் இன்ஜினையும் அணைத்து, வண்டியை உருளவிடுகிறார்கள். டேங்க் வற்றும்போது இந்த ஆசை அதிகமாகும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. இன்றைய இன்ஜின்களில் இதனால் மிச்சமும் இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுவதுமாக எடுத்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுகின்றன. அதைக் கண்டுகொள்ளும் கணினி, எரிபொருள் ஊசிகளை மூடிவிடுகிறது. அந்த நேரத்தில் செலவு சுழியம். உடனடி மைலேஜ் காட்டும் திரை உள்ள கார்களில், இறக்கத்தில் காலை எடுத்ததும் கோடு உச்சத்துக்கு ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நியூட்ரலில் போட்டால் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்றியே ஆக வேண்டும். ஆக, நியூட்ரலில்தான் செலவு கூடுதல்.

அதைவிட முக்கியம் பிரேக். கியரின் பிடி இல்லாமல் இறங்கும் வண்டியின் முழு எடையையும் பிரேக்கே தாங்க வேண்டும். தொடர்ந்து மிதிக்க மிதிக்கப் பிரேக் சூடேறும், பிடிப்பு குறையும், கருகல் வாடை வரும். ஒரு கட்டத்தில் மிதித்தாலும் வண்டி நிற்காது. இன்ஜினையும் அணைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கனத்துவிடும், சாவியை உருவியிருந்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். கல்லட்டி இறக்கத்தில் வெளியூர் வண்டிகளுக்குக் கெடுபிடிகள் வந்ததற்குக் காரணமே இப்படிப்பட்ட விபத்துகள்தான். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலைக்காரர்கள் சொல்வது பெட்ரோல் குறைவாக இருக்கும் வண்டிக்கும் பொருந்தும்.

வண்டி நிற்கப்போகிறது

பெட்ரோல் வண்டி தீரும்போது முன்கூட்டியே சில அறிகுறிகள் காட்டும். மிதித்தாலும் இழுக்காது, ஜெர்க் அடிக்கும், வளைவில் ஒருகணம் சக்தி போய்த் திரும்ப வரும். எரிபொருள் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுப்பதன் அடையாளம் இது. இதை உணர்ந்த கணமே பங்கு வரை போய்விடலாம் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். இன்ஜினில் உயிர் இருக்கும்போதே இடப்பக்கம் இண்டிகேட்டர் போட்டு, சாலையை விட்டு முழுவதுமாக இறங்கக்கூடிய இடம் பார்க்க வேண்டும்: மண் ஓரம், லாரிகள் நிறுத்தும் இடம், சுங்கச்சாவடியை ஒட்டிய வெளி, டீக்கடை வாசல். மேம்பாலத்தின் மேலும், வளைவிலும், மேட்டின் உச்சியை அடுத்த இறக்கத்திலும் நின்றுவிடக் கூடாது. பின்னால் வருகிறவர்களுக்குக் கார் தெரியவே தெரியாத இடங்கள் இவை.

ஓட்டத்திலேயே இன்ஜின் அணைந்துவிட்டால், கார் உடனே நிற்பதில்லை. 80 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் அது இன்னும் சில நூறு மீட்டர் உருளும். அந்த உருளலைக் காப்பாற்றுவதுதான் காரியம். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் ‘என்’ நிலைக்கு. இறக்கத்தில் கூடாது என்று சொன்ன நியூட்ரலுக்குச் சரியான வேளை இது ஒன்றுதான். சாவியை அணைக்கவோ உருவவோ கூடாது. நான்கு இண்டிகேட்டரையும் ஒருசேர எரியவிட்டு, கனத்த ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பி ஓரம் சேர வேண்டும். பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் உதவி வெற்றிடம் வீணாகும். நிறுத்தும் இடம் வந்ததும் ஒரே சீராக அழுத்த வேண்டும். பெடல் கட்டையாக இருந்தாலும் பிரேக் வேலை செய்யும். காலின் பலம்தான் கூடுதலாகத் தேவை.

நின்றபின் எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். காருக்குள் உட்கார்ந்து போன் பேசுவது, காரின் பின்னால் நின்று வருகிற வண்டிகளுக்குக் கைகாட்டுவது, இரண்டுமே உயிருக்கு ஆபத்து. வண்டி வாங்கும்போது கூடவே தரும் சிவப்பு முக்கோணம் அநேக கார்களில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டிக்கியில் கிடக்கிறது. சாதாரணச் சாலையில் காருக்கு 50 மீட்டர் பின்னாலும் நெடுஞ்சாலையில் 100 மீட்டர் பின்னாலும் அதை வைக்க வேண்டும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வருகிறவர் அந்த 100 மீட்டரை நான்கு விநாடிக்குள் கடந்துவிடுவார் என்பதை நினைத்தால், பத்தடி தள்ளி ஒரு கல்லும் மரக்கிளையும் வைப்பது ஏன் போதாது என்பது புரியும்.

காட்டு வழியில் மட்டும் இந்த ஒழுங்கு மாறும். பண்ணாரிக்கு மேலே 27 வளைவுகளோடு ஏறும் திம்பம் பாதையிலும், முதுமலை–பந்திப்பூர் சாலையிலும் வண்டி நின்றால் இறங்கி நடக்கக் கூடாது. யானையும் சிறுத்தையும் நடமாடும் இடம். உள்ளேயே இருந்து, இண்டிகேட்டர்களை எரியவிட்டு, கடந்து போகும் வண்டி வழியாக அடுத்த சோதனைச்சாவடிக்குச் சொல்லி அனுப்புவதே வழி. செல்போன் சிக்னலை அங்கே நம்ப முடியாது. பந்திப்பூர் வழியே இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்கு 2009 முதல் தடை இருக்கிறது. கதவு மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், காலியான டேங்கோடு உள்ளே நுழைகிறவர் இரவெல்லாம் துணையில்லாமல் மாட்டிக்கொள்ளக்கூடும்.

ஆபத்தான இடத்தில் வண்டியை விட்டுவிட்டுப் போவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு தடுக்கிறது. போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிறுத்தினால் 201-ஆம் பிரிவில் 500 ரூபாய் வரை தண்டம். ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளில் எரிபொருள் தீர்ந்து நிற்பதை ஓட்டுநரின் தவறாகவே எடுத்துக்கொண்டு அபராதம் விதிக்கிறார்கள். புறப்படும் முன் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். மறுக்க முடியாத வாதம்.

கேனும் பாட்டிலும்

தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்குப் பேசினால் ரோந்து வண்டி வரும். காப்பீட்டோடு சாலையோர உதவியும் எடுத்திருந்தால் எரிபொருள் கொண்டுவந்து தருவதும் அநேகமாக அதில் அடங்கும். இந்த உதவி எண்களைப் பயணத்துக்கு முன்பே போனில் பதிந்துவைப்பது நல்லது. ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. இயங்கு சக்கரங்கள் தரையில் உருண்டால் கியர்பாக்ஸ் கெடும். மேலே ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பங்குக்கு நடப்பவர்களுக்குப் பெரும்பாலான பங்குகளில் பெட்ரோல் தர மாட்டார்கள். தராததுதான் சரி. பெட்ரோல் சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை விடும் பொருள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவி, தூரத்துப் பீடி நெருப்பில் பற்றி வந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் நிலைமின்சாரப் பொறியும் ஏற்படலாம். எரிபொருளுக்கென்றே செய்த, இறுக மூடும் கேன்தான் வேண்டும். கேனைத் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும். டிக்கிக்குள் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை. இதே காரணத்தால் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று டிக்கியில் ஒரு கேன் பெட்ரோலோடு பயணம் போவதும் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் அது என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

பஞ்சகாலத்தில்தான் இந்தப் பதுக்கல் ஆசை தலைதூக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பங்குகளில் வரிசை நீண்டது. இலங்கையில் 2022-இல் நாட்கணக்கில் வரிசையில் காத்திருந்தார்கள். அந்த ஜூலையில் கியூஆர் கோடு முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லிட்டர், ஆட்டோவுக்கு 5, பைக்குக்கு 4 என்று அளந்து கொடுத்தார்கள். புயல் அறிவிப்பு வந்தால் கேனைத் தேடுவதைவிட முந்தின நாளே டேங்கை நிரப்பிவிடுவது பாதுகாப்பு. சாதாரண நாட்களிலும் கால் டேங்க் வந்ததும் பங்குக்குப் போகிறவருக்கு மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது. நூறு ரூபாய்க்கு, இருநூறு ரூபாய்க்கு என்று போட்டு ஓட்ட வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இது எளிதல்ல. அவர்கள் விளக்கு எரிவதற்கு முன் ஒருமுறை போட்டுக்கொண்டால் அதே பணத்தில் அதே தூரம்தான் ஓடும், பாதுகாப்பு மட்டும் கூடும்.

இயந்திரத்துக்கு என்ன ஆகும்

பெட்ரோல் காரில் எரிபொருளை இன்ஜினுக்கு அனுப்பும் மின்பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அதைக் குளிரவைப்பதும் வழுவழுப்பாக வைப்பதும் அந்த எரிபொருளேதான். அடிக்கடி வறண்ட டேங்கில் ஓடும் பம்ப் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். அடியில் தங்கிய கசடு ஏறிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பம்ப் எப்போதுமே அடியிலிருந்துதான் இழுக்கிறது என்பதால், கசடைவிடச் சூடுதான் பெரிய கவலை. சி.என்.ஜி. கார் வைத்திருப்பவர்கள், காஸ்தான் இருக்கிறதே என்று பெட்ரோல் முள்ளை ‘ஈ’யிலேயே கிடக்க விடுகிறார்கள். காஸ் தீர்ந்ததும் வண்டி பெட்ரோலுக்கு மாறும். மாற ஒன்றும் இல்லாதபோது நடுரோட்டில் நிற்கும்.

டீசல் வண்டியில் சிக்கல் பெரிது. டேங்க் வற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். ‘ஏர் பிடிச்சிருச்சு’ என்பார்கள் மெக்கானிக்குகள். அப்புறம் டீசல் ஊற்றினாலும் வண்டி கிளம்பாது. ஏர் எடுக்க வேண்டும். சில வண்டிகளில் ஃபில்டர் பக்கத்தில் கையால் அமுக்கும் பம்ப் இருக்கும். அது கல்லாக இறுகும்வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். காமன் ரெயில் இன்ஜின்களின் உயரழுத்தப் பம்ப்புக்கு டீசலே உயவெண்ணெய். அது இல்லாமல் சுழன்றால் உலோகத் துகள் உதிர்ந்து, ஊசிகள் வரை போய் அடைக்கும். பழுதுச் செலவு ஆயிரங்களில் நிற்காது. டீசல் காரில் விளக்கு எரிந்தபின் சோதித்துப் பார்க்கவே கூடாது என்பது இதனால்தான்.

மறுபடி ஊற்றும்போது ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் போதாது, குறிப்பாக வண்டி சரிவில் நின்றால். ஊற்றியது பம்ப்புக்கு எட்டாமல் டேங்கின் ஒரு மூலையில் தேங்கிவிடும். ஐந்து லிட்டராவது வேண்டும். ஊற்றியபின் உடனே ஸ்டார்ட்டரைத் திருகாமல், சாவியை ‘ஆன்’ நிலையில் சில விநாடி வைத்து அணைத்து, இதை மூன்று நான்கு முறை செய்தால் பின்சீட்டுக்கு அடியில் பம்ப் ரீங்கரிப்பது கேட்கும். குழாயில் அழுத்தம் ஏறிவிடும். பிறகு ஸ்டார்ட் செய்யலாம். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து திருகினால் பேட்டரியும் இறங்கிவிடும். இன்ஜின் விளக்கு தொடர்ந்து எரிந்தால் பட்டறையில் காட்ட வேண்டும்.

விளக்கு எரிந்தபின் எவ்வளவு மிச்சம் என்பதை ஒவ்வொருவரும் தன் காருக்கே கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஊருக்குள், பங்குக்கு அருகில் விளக்கு எரியும் ஒருநாள், உடனே போய் முழு டேங்க் போடச் சொல்லி, குழாய் தானாக முதல் தடவை நிற்கும்போது நிறுத்திவிட வேண்டும். 37 லிட்டர் டேங்கில் 32 லிட்டர் பிடித்தால் மிச்சம் ஐந்து. பம்ப் எட்டமுடியாத அடிமட்டத்துக்காக அதில் ஒரு லிட்டரைக் கழித்து, மீதியை ஊருக்குள் கிடைக்கும் மைலேஜால் பெருக்கி, வரும் எண்ணில் பாதியை ஆர்.சி. புத்தக உறையின் உட்பக்கம் எழுதி ஒட்டிவைக்கலாம். அந்தக் காரை ஓட்டப்போகும் எல்லோருக்கும் அது பயன்படும்.